இங்கிலீஷ் வகுப்பில் நான் எழுதியது

திண்டுக்கல்,
19.10.2008, ஞாயிறு.

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ "அப்புறம்மா, வேற?" என்று கேட்பாய், உடனே சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மழை பெய்கிறது, வெங்காயம் விலை ஏறிவிட்டது என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுவேன். மெயில் அனுப்பலாம் என்றால் எனக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது. இதை ஒரு தடவை இங்கிலீஷில் எழுதியாகிவிட்டது, உனக்கும் அப்படி எழுத மனம் வரவில்லை, அதனால் நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு மழை விழுந்ததிலிருந்து இடுப்பில் பழைய வலி கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் தினமும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டி முக்கு வரை நடந்து டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் வருகிறார். எனக்குச் சர்க்கரை பார்த்தார்கள், போன முறையைவிடக் குறைந்திருக்கிறது. கரண்ட் மட்டும் சொல்லி மாளாது, எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, மாவாட்டப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார், உன் அறைக்கு நீலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வெள்ளையே இருக்கட்டும். சிறுமலைப் பழம் நேற்று ஒரு சீப்பு வாங்கினோம், நன்றாக இருந்தது, அப்பா ஒரே நேரத்தில் நாலு சாப்பிட்டார்.

என் படிப்பு விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருஷமாக எல்லா வேலையும் பார்த்தாலும் டிகிரி இல்லாமல் கண்காணிப்பாளர் ஆக முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் ஜூனில் மாலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் இருபத்தேழு பேர், எல்லாரும் பகலில் எங்காவது வேலை பார்ப்பவர்கள், நாற்பத்தாறு வயதில் நான்தான் மூத்தவள். வரலாறு, தமிழ் எல்லாம் ஒருவழியாகப் போகிறது. இங்கிலீஷ்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எடுக்கிறவர் ஆனந்த்ராஜ் என்று ஒரு சார், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், ஐதராபாத்தில் படித்துவிட்டு வந்தவர், செப்டம்பரில்தான் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே இரண்டு பக்கத் தாள் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் என்னென்ன எதிர்பார்க்கிறார் என்று வரிசையாகப் போட்டிருந்தது. வாரம் ஒரு கதை படிக்க வேண்டும், அதைப் பற்றிச் சொந்தமாக நூற்றைம்பது வார்த்தையில் இன்டர்நெட்டில் அவர் ஆரம்பித்திருக்கிற யாகூ குரூப்பில் வியாழக்கிழமைக்குள் எழுத வேண்டும், பிறகு மற்றவர்கள் எழுதியதில் இரண்டு பேருக்காவது சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். சூப்பர், நைஸ், ஒத்துக்கொள்கிறேன் என்று ஒற்றை வரியில் எழுதினால் மார்க் கிடையாது. சொல்வதற்குக் கதையிலிருந்தே ஒரு இடத்தைக் காட்ட வேண்டும். மறுத்துப் பேசலாம், ஆனால் மரியாதை குறையக் கூடாது. இன்டர்னல் மார்க் இருபத்தைந்தில் பதினைந்து இதற்குத்தான்.

நாங்கள் எல்லாரும் முழித்தோம். வகுப்பில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி கிடையாது, எனக்கும் கிடையாது. நாகல்நகரில் முகமது பாரூக் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆரம்பித்துக்கொண்டேன். அந்தத் தம்பி பொறுமைசாலி. இரண்டு விரலால் நான் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க அடிக்கிற வேகத்துக்கு நேரக் கணக்குப் பாத்தா ஒங்க சம்பளம் பத்தாது, மூலையில இருக்குற பழைய சிஸ்டத்துல ஒக்காருங்க" என்று சொல்லி அதையே எனக்கு ஒதுக்கிவிட்டார். முதல் கதைக்கு முழுசாக ஒரு மணி நேரம் அடித்து முடித்தபோது கரண்ட் போய் எல்லாம் அழிந்துவிட்டது. பிறகு வீட்டிலேயே நோட்டில் எழுதிக் கொண்டுபோய்ப் பார்த்து அடிக்கப் பழகினேன். ஆனால் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. முதல் நாலு வாரமும் கதை மிக நன்றாக இருக்கிறது, நல்ல நீதி சொல்கிறது, நண்பர்கள் கருத்தை நான் ஆமோதிக்கிறேன் என்றே எழுதினேன். நாலு வாரமும் பூஜ்யம். சார் கீழே ஒரே வரி போட்டிருந்தார், இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவிடம் சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டு, "இம்புட்டு நாளா ஆபீசுல மத்தவுக சொன்னத எழுதியே பழகிட்ட, அந்தாளு ஒன்னையக் கேக்குறாரு" என்றார்.

ஐந்தாவது வாரம் ஒரு கதை வந்தது. சாரே டைப் அடித்துக் கொடுத்தது, மூன்று பக்கம்தான், எழுதியவர் பெயர் போடவில்லை. ஒரு அம்மா தன் சின்ன மகனை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அவன் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டி நடக்கிறாள். எத்தனை அடி நடந்தோம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே பஸ் நிற்கிற இடம் வரை போகிறாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை. செவ்வாய்க்கிழமை நான் குரூப்பைத் திறந்து பார்த்தபோது ஒன்பது பேர் எழுதிவிட்டார்கள். கல் நெஞ்சுக்காரி, இப்படியும் ஒரு தாய் உண்டா, இது உண்மையாக நடக்காது, ஆண்கள் எழுதிய கதையாக இருக்கும், இப்படியே எல்லாரும். படித்துவிட்டு ஒன்றும் அடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். புதன்கிழமை ஆபீசிலும் வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போய் நோட்டு எதுவும் இல்லாமல் நேராக உட்கார்ந்து அடித்தேன்.

அப்பு, நான் என்ன அடித்தேன் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாசம், உனக்கு ஒன்பது வயசு. கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போன அப்பாவின் லாரி குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து அவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, எழுந்து நடப்பாரா என்று டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் நீயும் நானும் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருந்தோம். உனக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. ஒரு நாள் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் உன்னைக் காணோம், இரண்டு மணி நேரம் கட்டடம் கட்டடமாகத் தேடினேன், கடைசியில் எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பி முதுகில் இரண்டு அடி வைத்தேன். அதற்கு அடுத்த வாரம்தான் வத்தலக்குண்டு பக்கம் விடுதியில் உன்னைச் சேர்த்தது. வார்டன் என்னிடம், "திரும்பிப் பாக்காமப் போயிருங்கம்மா, பாத்தா பின்னாலயே ஓடியாருவான்" என்று சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் யார் கேட்டாலும் வார்டன் சொன்னார் அதனால் பார்க்கவில்லை என்றே சொல்லி வந்தேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அது பாதி உண்மைதான். வாசலைத் தாண்டியதும் என் கை லேசாக இருந்தது. மூன்று வாரமாக ஒரு கையில் பை, ஒரு கையில் நீ, அன்றைக்குத்தான் ஒரு கை சும்மா இருந்தது. மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அழுகை வரும் என்று முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டேன், அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன், மதுரை வந்து கண்டக்டர் தட்டித்தான் எழுப்பினார். எழுந்த அந்த நிமிஷம் மனசில் ஒன்றுமே இல்லை, நன்றாக இருந்தது. அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. இதைத்தான் நான் அடித்தேன். கடைசியில் எனக்கு ரிலீஃபாக இருந்தது என்று எழுதினேன். அந்த வார்த்தையை இங்கிலீஷில் சுலபமாக எழுதிவிட்டேன், பாடப் புத்தகத்தில் படித்த வார்த்தை, யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. இப்போது தமிழில் எழுதப் பார்க்கிறேன், பேனா நகர மாட்டேன் என்கிறது. உன்னை விட்டுவிட்டு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, மதி. எழுதிவிட்டேன்.

அன்று இரவே வந்த முதல் பதில் பழனிக்குமார் என்கிற பையனுடையது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்த்துவிட்டு அங்கிருந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வருகிறவன், உன் வயசுதான், அதிர்ந்து பேச மாட்டான். அவன் எழுதியிருந்தான், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரை அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வகுப்பில் மூத்தவர் என்பதற்காக இதைச் சரி என்று யாரும் எழுதாதீர்கள் என்று. மற்றவர்கள் மனதைத் தொட்டது, கண்ணீர் வந்தது என்று ஒற்றை வரி எழுதி வழக்கம்போலப் பூஜ்யம் வாங்கினார்கள். அவன் எழுதியதுதான் எனக்குள் நின்றது. வெள்ளிக்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. சனிக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில் எழுதியாக வேண்டும். வேறு யாருக்காவது எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அவனுக்கே எழுதினேன். உங்கள் கோபம் நியாயம், என்னை நல்ல அம்மா என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, ஆனால் கதையில் வருகிறவள் நாலாவது பத்தியில் தன் காலடியை எண்ணிக்கொண்டு போகிறாள், மனசில் ஒன்றும் இல்லாதவள் எதற்கு எண்ண வேண்டும், அவள் எதையோ நினைக்காமல் இருப்பதற்காக எண்ணுகிறாள், எனக்கு எண்ணக்கூடத் தோன்றவில்லை, நான் தூங்கிவிட்டேன், அதுதான் அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஆனந்த்ராஜ் சார் வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "அம்மா, நீங்க எழுதுனது நெஜமா, இல்ல கதைக்காகச் சேர்த்து எழுதுனதா?" என்று கேட்டார். நிஜம் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார், அந்தக் குரூப் பூட்டி வைத்தது இல்லையாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் படிக்கலாமாம், நான் என் முழுப் பெயரும் வத்தலக்குண்டும் லாரியும் எல்லாம் போட்டிருக்கிறேனாம். "நீங்க இப்படி எழுதுவீங்கன்னு நான் நெனச்சுப் பாக்கல, மொதல்லயே நான் சொல்லியிருக்கணும், தப்பு என் பேர்லதான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே அழிச்சிடுறேன், மார்க் கொறையாது" என்றார். எனக்கு அந்த நிமிஷம் ஊர் உலகம் ஞாபகம் வரவில்லை, நீதான் வந்தாய். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டடப் படம் வரைகிற பிள்ளை, சும்மா இருக்கிற நேரத்தில் அம்மா பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் இது வருமோ என்று. ஒரு மாசம் பொறுங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மார்க்கைக் கேட்காமல் வந்துவிட்டேன், பிறகு பார்த்தால் எனக்கு ஐந்துக்கு மூன்று. கதையிலிருந்து ஓர் இடத்தையும் காட்டவில்லை என்று இரண்டு மார்க்கைக் குறைத்திருந்தார். பழனிக்குமாருக்கு எழுதிய பதிலுக்கு முழு மார்க்.

அவன் புதன்கிழமைதான் வந்தான். வகுப்பு விட்டதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலேயே வந்து, ஒட்டன்சத்திரம் பஸ் இரண்டு போனபிறகும் ஏறாமல் நின்றான். பிறகு, "ஏனுங்க, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுங்க" என்றான். உன் மனசில் பட்டதை எழுதினாய், அதைத்தானே சார் கேட்டார் என்றேன். அப்போது சொன்னான். அவனையும் எட்டு வயசில் பழனியில் ஒரு விடுதியில் விட்டார்களாம். "எங்கம்மா திரும்பிப் பாத்துச்சா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்லீங்க, அது தெரியாமத்தான் இத்தன வருசமாக் கோவமா இருந்திருக்கேனுங்க" என்றான். நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டிருக்கிறான், அதற்காகத்தான் திங்கட்கிழமையும் வரவில்லையாம். அந்த அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே, "அதெல்லாம் ஆரு கண்டா, பதினெட்டு வருசத்துக்கு முந்துன கத" என்று சொல்லிவிட்டாராம். இவனுக்கு ஆத்திரமாக வந்திருக்கிறது. செத்த நேரம் கழித்து அவரே, "ஆனா உன்ற பெட்டிச் சாவியக் கையோட கொண்டாந்துபோட்டேன், மறுநா வெடியால மொத பஸ்ஸுக்கே வந்து வார்டன்கிட்டக் குடுத்துட்டுப் போனனே, நீ பள்ளிக்கொடத்துல இருந்த" என்றாராம். அம்மா மறுநாளே வந்தது அவனுக்கு இத்தனை நாளும் தெரியாது. சாவியை வார்டன் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதாம், யார் கொண்டுவந்தது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது சிரித்தான், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போனான். இப்போதும் அவன் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, வகுப்பில் பார்த்தால் தலையை அசைக்கிறான், அது போதும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடமும் சொன்னதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். பிறகு, "அன்னைக்கு நீ வந்து எனக்குக் கஞ்சி குடுக்கையில சிரிச்ச, நான் விழுந்ததுக்கப்புறம் நீ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன், சரி, பொழச்சுக்குவோம்னு எனக்குத் தோணுச்சு" என்றார். நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை என்பது உனக்கும் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அவன்கிட்ட நீயே எழுதிப் போட்டுரு, கம்ப்யூட்டர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா நல்லாயிருக்காது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கத்தை அழிப்பதா வைப்பதா என்பதை நீயே சொல்லிவிடு. இது உன் கதையும்தான், உன்னைக் கேட்காமல் இருபத்தாறு பேருக்குச் சொல்லிவிட்டேன், அது தப்பு. அழித்துவிடச் சொன்னால் மறுநாளே சாரிடம் சொல்லிவிடுகிறேன், வருத்தப்பட மாட்டேன். நான் தூங்கியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அன்றைக்கு அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் அடுத்த நாலு மாசம் ஆஸ்பத்திரியில் என்னால் நின்றிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. இத்தனை வருஷம் வார்டன் பேரைச் சொல்லி மறைத்ததற்குத்தான் வருத்தம்.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே போன் செய்யாதே, இரண்டு நாள் போகட்டும். செய்யும்போது முதலில் அப்பாவிடம் பேசு, கடிதம் வந்தது என்று மட்டும் சொல், அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். கடைவாய்ப் பல் வலி என்றாயே, தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் குழம்பு வெஞ்சனத்தையே நம்பி இருக்காதே, பருப்பாவது வைத்துக்கொள். வெயிலில் சைட்டுக்குப் போனால் தண்ணீர் பாட்டில் இல்லாமல் போகாதே. உன் கூட இருக்கிற பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்து, நல்ல மனசையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், முடிந்தால் எழுது, முடியாவிட்டால் விட்டுவிடு. முதல் மாசம் உன்னைப் பார்க்க வந்தபோது கேட்க நினைத்தேன், பயமாக இருந்தது, அப்படியே பதினேழு வருஷம் போய்விட்டது. நான் வாசலைத் தாண்டிப் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீ அங்கேயே நின்றாயா, உள்ளே போய்விட்டாயா? அழுதாயா? அன்று ராத்திரி யார் பக்கத்தில் படுத்தாய்? சாப்பிட்டாயா?

இப்படிக்கு,
உன் அம்மா
ம. சகாயசெல்வி